செயல் யாருடையது?

உயர்தரத்தில் பரீட்சை போதாதா? செயற்றிட்டம் வேறு எதற்கு?
– ஒரு தாய், சாவகச்சேரி

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடியதே, அதைக் கட்டிய மேத்திரிமார் எந்த வினாத்தாளில் சித்தியடைந்தவர்கள்? வினாத்தாள் அளக்காத திறனும் உண்டு. 1970களில் உயர்தரத்துக்குப் பதிலாக எச்.என்.சி.ஈ. என்ற பரீட்சை வந்தபோது, ஊர்த்தொழிலைப் போய்ப் பார்த்து எழுதும் செயற்றிட்டமும் கூடவே வந்தது. 1977இல் ஆட்சி மாற, அந்தப் பரீட்சையும் போனது. நல்ல விதை, முளைக்க விடவில்லை.

நாற்பது மணி நேரம் சேவை செய்யாமல் பள்ளி முடிக்க ஏலாது என்கிறாள் ரொறன்ரோ மச்சாள். உண்மையா?
– ஒரு மாணவி, கோப்பாய்

உண்மைதான். ஒன்ராறியோவில் 1999 முதல் அதுதான் விதி. இங்கே நல்லூர்த் திருவிழா 25 நாள். தண்ணீர்ப்பந்தலில் தினம் இரண்டு மணி நேரம் நின்றால் 50 மணி. மச்சாளை விட நீங்கள் பத்து மணி கூட! அங்கே அது பள்ளிக் கணக்கில் ஏறுகிறது. இங்கேயும் ஏறவேண்டும்.

என் செயற்றிட்டத்தை அப்பா செய்து தரலாமா?
– ஒரு மாணவன், சுன்னாகம்

செயல் அவருடையது, திட்டம் உங்களுடையது என்றால் புள்ளியை யாருக்குப் போடுவது? வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு, ஆடியிலும் மார்கழியிலும் நீர்மட்டத்தை நீங்களே அளந்து எழுதுங்கள். வித்தியாசம் தெரியும்: சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நம் நன்னீருக்கு மாரிமழைதான் வரவு. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும்.