கத்தரியோடு கட்சி மாறியவர்

பத்திரிகை ஆசிரியர் என்பவர் அடுத்தவர் எழுதியதை வெட்டிச் சம்பளம் வாங்குகிறவர். விளம்பர வாசகம் எழுதுகிறவர் அடுத்தவர் தயாரித்ததைப் புகழ்ந்து அதைவிடப் பெரிய சம்பளம் வாங்குகிறவர். இந்தக் கணக்கு புரிந்த நாளிலிருந்து முதல் நாற்காலியிலிருந்து இரண்டாவதற்குத் தாவுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தாவியவர்கள் எல்லோரும் சோப்பையும் பற்பசையையும் விற்றார்கள். அமெரிக்காவின் புரூஸ் பார்ட்டன் அதோடு நிற்காமல் ஏசுநாதரையும் விற்றார்.

பார்ட்டன் 1886-ல் டென்னசி மாநிலத்து ராபின்ஸ் என்ற சிற்றூரில், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஞாயிறு தவறாமல் பிரசங்கம். தூங்கி வழியும் சபையை இருபது நிமிஷம் உட்கார வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மற்றவர்கள் கல்லூரியில் படிக்க வேண்டும், அவரோ சொந்த அப்பாவைப் பார்த்தே படித்துவிட்டார். 1907-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை முடித்தபோது, முன்னுக்கு வரப்போவது இவன்தான் என்று சக மாணவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிகாகோவுக்குப் போய்ப் பத்திரிகைகளில் சேர்ந்தார். அந்தப் பத்திரிகைகள் படுத்துவிட்டன.

பிழைப்புக்காக நியூயார்க் வந்து காலியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் ஒண்டினார். காலியர்ஸ் அப்போது ஹார்வர்டின் முன்னாள் தலைவர் எலியட் தொகுத்த உலக இலக்கிய வரிசையை விற்றுக்கொண்டிருந்தது. அலமாரியில் ஐந்தடி நீளம் வரும். வீட்டில் வைத்தால் கௌரவம், படித்தால் கொட்டாவி. ஒருநாள் பத்திரிகைப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பும் பொறுப்பு பார்ட்டனிடம் வந்தது. அறிவு வளரும், அந்தஸ்து உயரும் என்றெல்லாம் அவர் எழுதவில்லை. தொகுதிகளைப் புரட்டி, பிரெஞ்சு ராணி மரி அன்டோனெட்டைத் தேடிப் பிடித்தார். கொலைக்களத்துக்கு வண்டியில் போகும் ராணியின் படத்தைப் போட்டு, இவள் கதை தெரியுமா என்று கேட்டார். நாளுக்குக் கால் மணி நேரம் போதும் என்று ஆறுதலும் சொன்னார். புத்தகங்கள் அள்ளிக்கொண்டு போயின. தத்துவமும் பொருளாதாரமும் வாங்க ஆள் வராத இடத்தில், வெட்டுப்படப் போகும் ஒரு தலை கூட்டம் சேர்த்தது.

சுவை கண்ட பிறகும் அவர் உடனே கட்சி மாறவில்லை. ‘எவ்ரி வீக்’ என்ற வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். படங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலே வரியில் குறும்பாக எழுதுவதுதான் அந்தப் பத்திரிகையின் சிறப்பு. விலை மலிவு, விற்பனை லட்சக்கணக்கில். அங்கே நிர்வாக ஆசிரியராக இருந்தவர் ஈடித் லூயிஸ், நாவலாசிரியர் வில்லா கேத்தரின் வாழ்க்கைத் துணை. படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுகிறவர்களைத் தினமும் பழக்கிக்கொண்டிருக்கும் அலுவலகம் உண்மையில் பத்திரிகை அலுவலகமா, விளம்பரப் பள்ளிக்கூடமா என்று யாரும் கேட்கவில்லை. 1918-ல் முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாடு அந்தக் கேள்வியைக் கேட்டது. பத்திரிகை மூடப்பட்டது.

லூயிஸ் அடுத்த ஆண்டே ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, உட்பரி சோப்பின் மகிமையை எழுதப் போனார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதே இடம். பகலில் சோப்பு, வீட்டுக்கு வந்தால் கேத்தரின் கைப்பிரதிகளில் திருத்தம். அமெரிக்க இலக்கியத்தின் மிகத் துல்லியமான வாக்கியங்களில் சிலவற்றைத் திருத்திய பேனாவுக்கு மை வாங்கிக் கொடுத்தது சருமப் பாதுகாப்பு என்று சொல்ல ஆய்வாளர்கள் கூச்சப்படலாம். எனக்குக் கூச்சமில்லை.

பார்ட்டன் போன வழி இன்னும் வேடிக்கை. போர்வீரர்களின் நலனுக்காக ஏழு தொண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய நிதி திரட்டலுக்கு அவர் பிரசாரம் எழுதினார். இலக்கு 17 கோடி டாலர். வசூல் தொடங்கும் நாளாகக் குறிக்கப்பட்டது 1918 நவம்பர் 11. அன்றைக்குத்தான் போரே முடிந்து தொலைந்தது! கல்யாணம் நின்ற பிறகு மொய் கேட்கும் நிலைமை. ஆனாலும் இலக்கைத் தாண்டிப் பணம் குவிந்தது. தேவை தீர்ந்த சரக்கையே இப்படி விற்க முடிந்தால், தேவையுள்ள சரக்கை விற்றால் என்ன என்று தோன்றாதா? அந்த வேலையில் பழக்கமான ராய் டர்ஸ்டின், அலெக்ஸ் ஆஸ்பர்ன் இருவரோடும் சேர்ந்து 1919-ல் விளம்பர நிறுவனம் தொடங்கினார். 1928-ல் ஜார்ஜ் பேட்டன் நிறுவனமும் வந்து ஒட்டிக்கொள்ள, பேட்டன், பார்ட்டன், டர்ஸ்டின் அண்ட் ஆஸ்பர்ன் என்று பெயர் ரயில் நீளத்துக்கு நீண்டது. டிரங்குப் பெட்டி மாடிப்படியில் உருண்டு விழும் சத்தம் மாதிரி இருக்கிறது என்று வானொலிக் கோமாளிகள் கிண்டலடித்தார்கள். வாசகங்களைச் சுருக்கிக் காசு பார்த்த நிறுவனம், சொந்தப் பெயர்ப்பலகையில் மட்டும் கத்தரி வைக்க மறந்துவிட்டது.

ஜெனரல் எலெக்ட்ரிக், ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற ராட்சதக் கம்பெனிகளை வீட்டு மனிதர்கள்போல் காட்டுவது பார்ட்டனின் கைவந்த கலை. மின்சார ஜெனரேட்டரையே மாமா சித்தப்பாவாக மாற்றத் தெரிந்தவருக்கு அடுத்த வேலை எளிது. 1925-ல் ‘யாரும் அறியாத மனிதன்’ என்ற புத்தகத்தை எழுதினார். அப்பா அதே வருஷம் லிங்கனின் வாழ்க்கையை இரண்டு பெரிய தொகுதிகளாக, ஆதாரங்களோடு வெளியிட்டார். மகன் ஒரே சின்னப் புத்தகத்தில் தேவகுமாரனை முடித்துவிட்டார்.

ஞாயிறு பள்ளிப் படங்களில் ஏசு ஏன் இத்தனை சோகமாக, நோஞ்சானாக இருக்கிறார் என்பதுதான் பார்ட்டனின் புகார். தச்சுப்பட்டறையில் வளர்ந்தவருக்குப் புஜபலம் இருக்காதா? விருந்துகளுக்கு விரும்பி அழைக்கப்பட்டவர் கலகலப்பாகத்தானே இருந்திருப்பார்? அத்தியாயத் தலைப்புகளைப் பாருங்கள்: நிர்வாகி, திறந்தவெளி மனிதர், பழகுவதற்கு இனியவர், அவருடைய விளம்பரங்கள், நவீன வியாபாரத்தின் ஸ்தாபகர். பன்னிரண்டு சாதாரண ஆட்களைப் பொறுக்கி, உலகை வென்ற ஸ்தாபனமாக மாற்றிய மேலாளர் என்பது அவர் கண்ட ஏசு. உவமைக் கதைகள் எல்லாம் கச்சிதமான விளம்பரங்கள். வளவளப்பு இல்லை, முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்கும். சிலுவையையும் அவர் விடவில்லை, ஆனால் அதற்கு முன்னால் நிர்வாகத் திறமை போதுமான பக்கங்களைப் பிடித்துக்கொண்டது. பக்திமான்களில் பலர் முகம் சுளித்தார்கள். புத்தகம் சக்கைப்போடு போட்டது. அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவின் வேலைக்குப் போகாத குற்ற உணர்ச்சியை ஒரு பிள்ளை இதைவிட லாபகரமாகத் தீர்த்துக்கொண்டதாக வரலாறில்லை.

கடவுளை முடித்தபின் மிச்சம் இருந்தது அரசாங்கம்தான். 1937-ல் நியூயார்க்கிலிருந்து குடியரசுக் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். வழக்கொழிந்த சட்டங்களை ரத்து செய்ய வேண்டும் என்பது அவர் பேச்சு. எடிட்டர் புத்தி எங்கே போகும்? 1940-ல் செனட்டுக்குக் குறிவைத்தார்.

அங்கேதான் எதிர்த்தரப்பிலும் ஒரு பழைய எடிட்டர் உட்கார்ந்திருந்தார். அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு உரை எழுதித் தந்தவர்களில் ஒருவரான ராபர்ட் ஷெர்வுட், நாடக ஆசிரியராகும் முன் ‘லைஃப்’ நகைச்சுவைப் பத்திரிகையின் ஆசிரியர். ஆயுத ஏற்றுமதித் தடையை நீக்க மறுத்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்று பேரைக் குறிவைத்து உரை தயாரானது: ஜோசப் மார்ட்டின், ஹாமில்டன் ஃபிஷ், நம்மவர். வாதம் பழையதுதான். ஷெர்வுட்டும், அதே உரைக் குழுவிலிருந்த நீதிபதி ரோசன்மனும் பெயர்களின் வரிசையை உருட்டிப் பார்த்து, தாலாட்டுச் சந்தத்தில் வைத்தார்கள்: மார்ட்டின், பார்ட்டன் அண்ட் ஃபிஷ்.

அக்டோபர் 28, மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரூஸ்வெல்ட் மூன்று பெயர்களையும் ராகம் போட்டு இழுத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நாள் கழித்து பாஸ்டனில், அவர் முதல் பெயரை எடுத்ததுமே மிச்சத்தைக் கூட்டமே முழங்கியது. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்.

மார்ட்டினும் ஃபிஷ்ஷும் அந்தத் தேர்தலில் தங்கள் தொகுதிகளில் ஜெயித்தார்கள். தோற்றது நடுவில் இருந்தவர் மட்டும்தான்.