சிகாகோ ரட்சகர்

அபிராமபுரத்தில் அடுக்ககத்துக்கு ஒருவராவது இருக்கிறார், இந்த ரட்சகர். வயது முப்பதைத் தொடவில்லை. பகலில் ஓஎம்ஆர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே உத்தியோகம். ராத்திரியும் சனி, ஞாயிறும் சிகாகோ நகரப் பரிபாலனம்.

2014 மே மாதம் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘வாட்ச் டாக்ஸ்’ விளையாட்டில், அந்த ஊரின் சிக்னல், பாலம், ரயில், கேமரா எல்லாம் சிடிஓஎஸ் என்ற ஒரே கணினி அமைப்பின் பிடியில். நாயகன் ஏடன் பியர்ஸ் கைபேசியைத் தட்டினால் பாலம் தூக்கிக்கொள்ளும், துரத்தி வருகிற கார்கள் நடுச்சந்தியில் முட்டிக்கொள்ளும். எதிரே வருகிறவரின் பெயர், வேலை, சம்பளம்கூடத் திரையில் வந்துவிடும். (இதற்கு மட்டும் எங்கள் தெருவில் கைபேசி தேவைப்படாது. கீழ்வீட்டு மாமியே போதும்.)

ஏடனுடன் பிறந்த நிக்கியைப் பழைய கூட்டாளி டேமியன் கடத்தி அடைத்து வைத்திருக்கிறான். அவளைக் கேமரா கேமராவாகத் தாவி, காவலர் கண்ணில் படாமல் வெளியே கொண்டுவர வேண்டும். ரட்சகரை அப்போது பார்க்க வேண்டுமே! காதில் ஹெட்போன், உதட்டோரம் துருத்திய நாக்கு, பக்கத்தில் ஆடை படிந்த காபி. “நடுவுல எழுந்துக்க முடியாதும்மா, ஒரு உசிரு!” என்பார். விளையாட்டை அப்படியே நிறுத்தி வைக்கலாம் என்பதை வீட்டில் இதுவரை மூச்சு விட்டதில்லை.

அதே 2014 நவம்பரில் மத்திய அரசும் ஜீவன் பிரமாண் என்று ஒன்றைத் தொடங்கியது. பென்ஷன்காரர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் மின்வழியில் நிரூபிக்கும் ஏற்பாடு. இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும். ரட்சகரின் தாத்தாவுக்கு வயது எண்பத்தாறு.

“சிகாகோவையே திறக்கறான், இதென்ன பிரமாதம்!” என்று பாட்டிதான் சிபாரிசு செய்தாள். ரட்சகர் தாத்தாவை ஜன்னலோரம் உட்காரவைத்தார். “கண்ணைச் சிமிட்டுங்கோ தாத்தா.” தாத்தா சிமிட்டினார். கைபேசி ஒப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் தாத்தாவுக்குக் கைபேசி எங்கே என்று தெரியவில்லை. போட்டால் டியூப்லைட் அதில் பளபளக்கிறது. விபூதியை அழிக்கச் சொன்னதும் தாத்தா எழுந்துவிட்டார். “சர்வர் டவுன்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரட்சகர் தன் அறைக்குப் போனார். ஊரில் உள்ள அத்தனை சர்வரும் இவர் கை வைத்ததும்தான் படுக்கும்.

சனிக்கிழமை தபால்காரர் வந்தார். பைக்குள்ளிருந்து ரேகைக் கருவியை எடுத்தார். தாத்தாவின் தேய்ந்த கட்டைவிரல் முதலில் முரண்டு பிடித்தது. வேட்டி நுனியில் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார். இன்னும் ஒரு வருஷத்துக்குப் பென்ஷன் பத்திரம். கட்டணம் 70 ரூபாய்.

உள்ளறையிலிருந்து, “ஓடு, ஓடு, இடது பக்கம்!” என்று கத்தல். தபால்காரர் திடுக்கிட்டார். “யாருங்க சார் உள்ளே?”

“பேரன். யாரோ ஒரு பொண்ணைக் காப்பாத்திண்டிருக்கான். அவ பத்திரமா வந்து சேர்ந்துட்டாளான்னு கேட்டுண்டு, எழுபது ரூபா சில்லறை இருந்தா எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ.”