கூடையில் சேர்ந்த பெரியவர்

கோவையில் கணபதி பக்கம் ஒரு கிரைண்டர் கம்பெனி. பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர். எனக்குக் கொஞ்சம் பாக்கியும் தர வேண்டியிருக்கிறது. 2024 தொடக்கத்தில் அவர்களுடைய ஆன்லைன் கடையைப் புதுப்பிக்கிற வேலை எங்கள் சின்ன ஆபீசுக்கு வந்தது. டிசைனுக்கு ஒரு பையன், கோடிங்குக்கு ஒரு பெண், அதில் வருகிற வார்த்தைகள் அத்தனைக்கும் நான்.

பழைய கடையில் விலையெல்லாம் படத்தின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. மஞ்சள் நட்சத்திரம் ஒன்றைச் சாய்த்துப் போட்டு அதற்குள் சிவப்பு எழுத்து. 2022 ஜூலை 18-ஆம் தேதி வெட் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏறியபோது, ஊரிலுள்ள கிரைண்டர்காரர்கள் எல்லாம் வரியை நினைத்து அழுதார்கள். இங்கே ஒரு பையன் மட்டும் ஃபோட்டோஷாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறான். ஒவ்வொரு நட்சத்திரமாகத் திருத்தியதில் ஒரு படம் விட்டுப்போனது. அந்த மாடல் மட்டும் அந்த மாதம் அமோகமாக விற்றதாம்.

எங்கள் டிசைன் பையனுக்கு மினிமலிசத்தில் பக்தி. வெள்ளை வெளேரென்று பக்கம், நட்டநடுவே ஒரே ஒரு கிரைண்டர், அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங் தம்பி, கடையைக் காலி பண்ணிட்டாங்களா?"

அடுத்த பக்கத்தில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, பளிங்கு மேடையில் கிரைண்டர் பக்கத்தில் சிரித்தபடி நின்றாள். காசு கொடுத்து வாங்கிய படம். கிரைண்டரை மட்டும் நாங்கள் ஒட்டியிருந்தோம்.

"இந்தப் புள்ள என்ன அரைக்குது?"

"சும்மா நிக்குதுங்கண்ணா."

"கிரைண்டர் ஓடறப்ப எவ சும்மா நிப்பா? தண்ணி தெளிக்க வேண்டாமா?"

ஆக, நிஜ உளுந்து போட்டு நிஜமாகவே அரைத்துப் படம் எடுத்தோம். காலை பத்து மணிக்குப் போட்ட உளுந்து. வெளிச்சம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று மூன்று ஈடு அரைபட்டது. மத்தியானத்துக்கு மேல் விளக்குச் சூட்டில் மாவு தானாகவே பொங்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் யூனிட் முழுக்க வடை. இந்தத் திட்டத்தில் எல்லாரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அந்த வடைதான்.

பிறகு, 'இன்னும் 3 மட்டுமே உள்ளன! 12 நிமிடத்தில் சலுகை முடிகிறது!' என்று ஒரு கடிகாரம் ஓடவிடலாம் என்றான் பையன். முதலாளி பதறிவிட்டார். "குடோன்ல நானூறு பெட்டி கெடக்குது தம்பி! மூணுதான் இருக்குன்னா டீலரெல்லாம் அடிச்சுப் புடிச்சு ஃபோன் பண்ணுவாங்க." இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது உட்பட 13 தந்திரங்கள் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டு நெறிமுறை போட்டுவிட்டது. முதலாளி அதைப் படித்தவரில்லை. டீலருக்குப் பயந்தவர். கடிகாரம் போனது.

ஆனால் அவருக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது. முகப்பில் அவர் அப்பா படம். 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பது ஊரறிந்த கதை. அதற்குச் சில வருஷம் கழித்து, ஒரு லேத்தும் இரண்டு ஆட்களுமாகத் தொழிலில் இறங்கியவர் இவருடைய அப்பா. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் போடலாமே என்றோம். "அங்க யாரு தம்பி போறா?" என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்தை எழுதிய எனக்கே பதில் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி. முகப்பில் பொருள்களுக்கான கட்டங்கள்தான் இருந்தன. அதில் ஒன்றில் பெரியவரை இப்போதைக்கு உட்காரவைத்துவிட்டு, காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று கோடிங் பெண் தூங்கப் போய்விட்டாள். விடிந்து பார்த்தால், சந்தன மாலையோடு பெரியவர். கீழே 'கூடையில் சேர்'. அதற்கும் கீழே 'இலவச டெலிவரி, 5 வருட வாரண்டி'. பக்கத்தில் 'இதைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தார்கள்' என்று ஒரு தேங்காய்த் துருவி. யாரோ ஒரு புண்ணியவான் எண்ணிக்கை இரண்டு என்று போட்டுப் பணம் கட்டும் இடம் வரை போய்த் திரும்பியிருந்தார்.

முதலாளிக்குச் சென்னையிலிருந்து அவர் தங்கச்சி ஃபோன் செய்துவிட்டார். ஆனாலும் முதலாளி எங்களைத் திட்டவில்லை.

"வெலை எவ்வளவு போட்டிருந்தீங்க?"

"சைபருங்கண்ணா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாவுக்கு டிஸ்கவுன்ட்டே புடிக்காது தம்பி."

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பெருமை தந்தது ஒரே ஒரு வரி. இல்லாத பக்கத்துக்கு யாராவது வழிதவறிப் போய்விட்டால் வருகிற அறிவிப்பு. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று எந்தக் கடையும் போடும். நான் எழுதியது: 'மாவு இன்னும் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. சற்றுப் பொறுங்கள்!' இரண்டு நாள் யோசித்து எழுதியது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில், அரசு கொடுத்த, ஜெயலலிதா படம் போட்ட விலையில்லா கிரைண்டர் பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்தது. அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்து, "நம்ம கடையிலேயே வாங்கும்மா" என்றேன்.

"கண்ணு, இதுல எத்தனை டம்ளர் அரிசி போடலாம்?"

"ரெண்டு லிட்டர்மா. போட்டிருக்கு பாரு."

"நான் என்ன பெட்ரோலா போடப் போறேன்? கல்லு தூக்கிக் கழுவ முடியுமா?"

'எர்கோனமிக் ரோலர் அமைப்பு' என்று எழுதியது நான்தான். கல்லைத் தூக்க முடியுமா என்பது எனக்குத் தெரியாது. அம்மா விரலால் தள்ளித் தள்ளி, நாங்கள் பக்கத்தின் அடியில் கடுகளவு எழுத்தில் ஒளித்துவைத்திருந்த ஃபோன் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள். எடுத்தது சர்வீஸ் அண்ணன்.

"நாலு டம்ளர் தாராளமா போடலாங்கம்மா. கல்லு லேசாத்தான் இருக்கும், நீங்களே தூக்கலாம். ஏனுங், நெட்ல எதுக்கு வாங்கறீங்க? காந்திபுரத்துல நம்ம டீலர்கிட்ட போங்க, தேங்காய்த் துருவி சும்மாவே குடுப்பாரு."

அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது, துருவியோடு. வாரண்டி அட்டையில் ஒரு கட்டம். ஸ்கேன் செய்து பதிவு செய்யவேண்டும். "இதையாவது நீ பண்ணிக் குடு சாமி" என்று அட்டையை என்னிடம் நீட்டினாள். செய்தேன். சக்கரம் சுற்றியது. அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மாவு இன்னும் அரைபட்டுக்கொண்டிருக்கிறதா? நான் இன்னும் பிளக்கே சொருகலியேடா?"