நனைந்தவர் சாவியை எங்கே வைப்பார்? லாக்கரியலுக்கு ஓர் அறிமுகம்

பூட்டைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். திருட்டைப் பற்றி எழுதியவர்கள் அதைவிட ஏராளம். குளிக்கப் போகிறவர் கழற்றி வைத்த கால்சட்டை அவர் திரும்பும்வரை அங்கேயே இருக்குமா என்ற வினாவை முறைப்படி எடுத்து ஆராய்ந்தவர்கள்தாம் அரிது. நீச்சல்குளமோ உடற்பயிற்சிக் கூடமோ கட்டுகிறவர்கள் தரைக்கு டைல்ஸ் பொறுக்க மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். லாக்கரை மட்டும் திறப்புவிழாவுக்கு முந்தைய வாரம், மிச்சமிருக்கும் பணத்துக்கு, கிடைத்த நிறத்தில் வாங்கிச் சுவரோரம் நிறுத்துவார்கள். இந்த அவலத்தைக் களையும் பொருட்டே லாக்கரியல் என்னும் துறை இங்கே தோற்றுவிக்கப்படுகிறது.

இத்துறையின் அடிப்படைக் கோட்பாடு ஒன்றே ஒன்று: குளிக்கிறவருக்குச் சட்டைப்பை கிடையாது.

இதைச் 'சட்டைப்பையின்மைக் கோட்பாடு' என வழங்கலாம். வீட்டைப் பூட்டினால் சாவி பைக்குள் போகிறது. வண்டியைப் பூட்டினாலும் அப்படியே. சாவி போட வேண்டிய பையையே உள்ளே வைத்துப் பூட்டுவது உடைமாற்று அறையில் மட்டும்தான். எனவே பூட்டு எவ்வளவு உறுதி என்பது இரண்டாவது வினா. சாவி எங்கே இருக்கும் என்பதே முதல் வினா. விற்பனையாளர்கள் இரண்டாவது வினாவுக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு ரசீதை நீட்டுவது வழக்கம்.

தமிழில் எதையும் முதல், கரு, உரி என்று பிரித்துவிட்டால் ஆய்வுக்குத் தனிக் களை வந்துவிடும். உடைமாற்று அறையின் முதற்பொருளில் நிலம் ஈரத் தரை. பொழுது விடியற்காலையும் அலுவலகம் விட்ட மாலையும். கருப்பொருள்: நனைந்த துண்டு, ஒற்றைச் செருப்பு, யாரோ பாதி பிழிந்து விட்டுப்போன ஷாம்பு பாக்கெட், மூக்கில் ஏறும் குளோரின் வாடை. உரிப்பொருள் ஐயம். 'பூட்டினோமா?' என்று நீச்சலின் நடுவே தோன்றும் அந்த ஐயம் கூடலிலும் சேராது, ஊடலிலும் சேராது. புறத்திணையில் இடம் தேடுவோருக்குச் சிக்கல் இல்லை. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று முன்னோர் வகுத்துவிட்டார்கள். ஆநிரை என்ற இடத்தில் ஆடை என்று திருத்திக்கொண்டால் போதும்.

வெட்சிக்குத் தமிழ்ச் சான்று நாச்சியார் திருமொழியின் மூன்றாம் பதிகம். குளத்தில் இறங்கிய ஆயர் பெண்கள் கரையில் விட்டுவந்த ஆடைகளைக் கண்ணன் வாரிக்கொண்டு குருந்த மரத்தில் ஏறிவிடுகிறான். அவர்கள் தண்ணீரில் நின்றபடியே திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பக்திச் சுவையை உரையாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். லாக்கரியல் பார்வையில் குறிக்க வேண்டியவை மூன்று: வைப்பிடம் திறந்தவெளி, காவலுக்கு ஆள் இல்லை, போன பொருள் உடையவர் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது.

இதே உயரத்தையே காவலாக மாற்றிக்கொண்டவர்கள் ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கத்தார். அங்கே குளியலகக் கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சங்கிலிகள் தொங்கும். சங்கிலியின் நுனியில் கொக்கிகளும் சிறு கூடையும் இருக்கும். தொழிலாளி உடையை மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைக்கு ஏற்றி, கீழ்முனையைப் பூட்டிவிடுவார். மேலே திரளும் வெப்பக் காற்றில் வியர்வையும் ஈரமும் காய்ந்துவிடும். வீட்டு உடைக்கு 'வெள்ளை' அறை, கரி படிந்த வேலை உடைக்குக் 'கருப்பு' அறை. தகடு இல்லை, கதவு இல்லை, துரு இல்லை, உள்ளே புழுங்கும் நாற்றமும் இல்லை. லாக்கர் வரலாற்றில் இதற்கு இணையான அறிவுடைமை அதிகம் தென்படவில்லை. எஸ்ஸன் நகரின் ஸோல்ஃபெரைன் சுரங்க வளாகம் 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே சுரங்கத் தொழிலாளர் குளித்த கட்டடத்தில் இப்போது நடன நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வேல்ஸ் நாட்டின் பிக் பிட் சுரங்கத்தில் 1939-இல் திறந்த குளியலகமோ ஆளுக்கு இரண்டு லாக்கர் என்ற வழியில் போனது. ஒன்று சுத்த உடைக்கு, மற்றது அழுக்கு உடைக்கு. நம் ஊர் ஜிம்களில் இரண்டும் ஒரே பையில் கிடந்து சமரசமாகிவிடுகின்றன.

கரந்தைக்குச் சான்று தேடினால் ரோமாபுரிக்குத்தான் போக வேண்டும். நாள்தோறும் ஊரே கூடிக் குளித்த நாகரிகம் அது. உடை களையும் அறைக்குத் தனிப் பெயர், சுவரில் வரிசையாக மாடக்குழிகள், பலகை அடுக்குகள் எல்லாம் இருந்தன. மாடங்களுக்குக் கதவு மட்டும் இல்லை. ஆகவே 'கப்சாரியுஸ்' என்ற காவலாள் வந்தார். துணியைப் பார்த்துக்கொள்வதே அவர் தொழில். டயோக்ளீஷியன் பேரரசர் 301-இல் வெளியிட்ட விலை ஆணையில் இவருக்குக் குளிப்பவர் ஒருவருக்கு 2 டினாரியஸ் என்று உச்சவரம்பு விதித்தார். நாவிதருக்கும் தலைக்கு அதே 2 டினாரியஸ்தான். துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதும் முடி திருத்துவதும் அரசாங்கக் கணக்கில் ஒரே கூலி என்பதை நாவிதர்கள் எப்படி ஏற்றார்கள் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

காவலாளே கைவைத்தால்? ரோமானியச் சட்டம் அதையும் யோசித்திருந்தது. கூலி வாங்கிக்கொண்டு துணியில் மோசடி செய்த காவலாளை விசாரிக்கும் அதிகாரம், இரவுக் காவலுக்கும் தீயணைப்புக்கும் பொறுப்பான தலைவரிடம் இருந்தது. குளியலகத் திருடர்களுக்கென்றே ஜஸ்டினியன் சட்டத் தொகுப்பில் தனித் தலைப்பு உண்டு. பேரரசு பாரசீகத்தோடு மோதிக்கொண்டிருந்த காலத்தில் சட்ட வல்லுநர்கள் துண்டுத் திருட்டுக்கு உட்பிரிவு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

காவலாளும் சட்டமும் கைவிட்ட இடத்தில் தெய்வம் வந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. சூலிஸ் மினர்வா என்னும் தெய்வம் அதற்குக் காவல். ஊற்றின் அடியிலிருந்து ஏறக்குறைய 130 சாபத் தகடுகளைத் தொல்லியலாளர்கள் எடுத்தார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகட்டில் கீறி, சுருட்டி, தண்ணீரில் போட்டவை. அவற்றில் பல குளிக்கும்போது பொருளைப் பறிகொடுத்தவர்களின் மனுக்கள். டோசிலியானுஸ் என்பவரின் தலைமூடிச் சால்வை போய்விட்டது. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, சால்வையைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவருக்குத் தூக்கமும் பிள்ளைப்பேறும் கிட்டக்கூடாது என்று அவர் அம்மனிடம் முறையிடுகிறார். சொலினுஸ் என்பவருக்கோ குளியல் உடையும் சால்வையும் சேர்ந்தே போயின; அவர் வீட்டுக்கு எதை உடுத்திப் போனார் என்று தகட்டில் தகவல் இல்லை. குற்றவாளி யாரென்று தெரியாத நிலையில் ஓர் இடுக்கும் விடாமல் எல்லாப் பிரிவினரையும் வளைத்துப் போடும் இந்த வாசகங்கள் இன்றைய காப்பீட்டுப் பத்திரங்களை வெட்கப்பட வைக்கும்.

சாவி எங்கே என்ற முதல் வினாவுக்கு ரோமானியர் தந்த விடைகள் ஆக இரண்டு: காவலாளின் நினைவில், அல்லது தெய்வத்தின் கையில். மூன்றாவது ஒன்றும் உண்டு. பாம்பேயி நகர மதிலுக்கு வெளியே உள்ள குளியலகத்தில் உடை வைக்கும் பெட்டிகளை எண்ணிட்டு வரைந்து, மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் தீட்டியிருக்கிறார்கள். எந்தப் பெட்டி தன்னுடையது என்று நினைவில் வைத்துக்கொள்ளவே அந்தப் படங்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. குடும்பப் பத்திரிகையில் அவற்றை விவரிக்க வழியில்லை. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார் என்று மட்டும் சொல்லலாம். அதே சமயம், 47-ஆம் எண் லாக்கர் தன்னுடையதா 74-ஆம் எண்ணா என்று துண்டோடு நின்று விழிக்கிறவரைப் பார்த்தால் பாம்பேயிக்காரர்களின் வழியில் நியாயம் இருப்பது விளங்கும். கிளி, மாங்காய், மயில் என்று குழந்தைக்கும் காட்டத்தக்க படங்களை வரைந்தாலே போதும்.

கப்சாரியுஸ் மரபு இன்றும் அழியவில்லை. குற்றாலத்துக்குக் குடும்பமாகப் போகிறவர்களில் ஒருவர் 'எனக்குச் சளி பிடிச்சிருக்கு, நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க' என்று பைகளின் நடுவே உட்கார்ந்துவிடுவார். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களில் நனைந்து வருகிறவர்களுக்காகத் துணிமூட்டையோடு காத்திருக்கிற பெரியம்மாவும் இந்த மரபினரே. கூலி கேட்காதவர், தூங்காதவர், டூப்ளிகேட் இல்லாதவர். பாதுகாப்பில் இவரை விஞ்சிய கருவியை எந்த நிறுவனமும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. குறை ஒன்றுதான்: அவர் குளிக்க முடியாது.

இனி பூட்டுக்கு வருவோம். லண்டன் பிக்கடில்லியில் பிரமா நிறுவனம் தன் கடை சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறந்துகாட்டுகிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிவைத்தது. அறுபது ஆண்டுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851 உலகப் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஏ. சி. ஹாப்ஸ் 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். பூட்டுலகமே ஆடிப்போனது. லாக்கரியலார் ஆடவில்லை. 51 மணி நேரம் குளிக்கிறவர் எவரும் இல்லாததால் பிரமா பூட்டு இத்துறையின் தேவைக்குப் பன்மடங்கு அதிகம் என்பதே அவர்கள் துணிபு.

வேண்டிய காப்பு சுமார் ஒரு மணி நேரத்துக்கு. மூன்று சக்கர எண்பூட்டில் இருப்பது ஆயிரம் சேர்க்கைகள். நொடிக்கு ஒன்றாக முயன்றால் 16 நிமிடம் 40 நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பொறுமைசாலித் திருடருக்கு மிச்ச நேரத்தில் காபியும் குடிக்கலாம். நான்கு சக்கரம் என்றால் பத்தாயிரம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது கணக்கு, மனிதர் வேறு. இணையத்தில் கசிந்த சுமார் 34 லட்சம் நான்கிலக்கக் கடவுச்சொற்களை 2012-இல் நிக் பெர்ரி அலசியபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்று 1234 ஆக இருந்தது. அமெரிக்கப் பள்ளி லாக்கர்களில் தொங்கும் மாஸ்டர் லாக் வட்டப்பூட்டு 64,000 சேர்க்கை கொண்டது என்று காகிதத்தில் கணக்கிடலாம். 2015-இல் சாமி கம்கர் அதை அதிகபட்சம் எட்டே முயற்சியில் திறக்கும் வழியைக் காட்டினார்.

தொங்குபூட்டு ஆதரவாளர்கள் திண்டுக்கல்லைக் காட்டுவார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது; அதன் மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்தாலே திருடருக்கு மரியாதை பிறக்கும். ஆனால் லாக்கர் கதவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடு. மாங்காய்ப் பூட்டை மாட்டினால் பூட்டு நிற்கும், கதவு வளையும். ஸ்குரூடிரைவர் வைத்திருப்பவர் பூட்டைத் தொடக்கூட மாட்டார். பீரோக் கடைகளில் கதவோடு வரும் சின்ன வட்டப்பூட்டுகளுக்கு வேறொரு நோய்: முகத்திலேயே சாவி எண்ணைப் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டவர் அதே சாவியைக் கடையில் கேட்டு வாங்கலாம்.

கைப்பட்டையில் சில்லு வைத்த மின்பூட்டு நாகரிகமானது, தண்ணீருக்கு அஞ்சாதது. ஆனால் உலகெங்கும் பரவிய மைஃபேர் கிளாசிக் சில்லின் குறியாக்கத்தை 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் உடைத்துக் காட்டிவிட்டார்கள். நீச்சல்குளத்து வேட்டியைக் குறிவைத்துக் குறியாக்கம் உடைக்கும் திருடர் இருந்தால் அவருக்கு அந்த வேட்டியைக் கொடுத்துவிடுவதே முறை. விற்பவரிடம் கேட்க வேண்டியது வேறு: மின்கலம் தீர்ந்தால் கதவை யார், எதைக் கொண்டு, எத்தனை நிமிடத்தில் திறப்பார்?

சாவியை உடம்பிலேயே கட்டிக்கொள்வது என்ற தீர்வுக்கு முன்னோடிகள் தமிழர் என்று இவ்வாய்வு தயக்கமின்றி அறிவிக்கிறது. அரைஞாண் கயிற்றில் பெட்டிச் சாவியும், பூணூலில் பீரோச் சாவியும், தாலிக்கொடியில் ஊக்கும் தொங்கிய வீடுகளில் சட்டைப்பையின்மை ஒரு சிக்கலாகவே எழவில்லை. இன்று நீச்சல்குளங்களில் தரும் ரப்பர் வளையச் சாவி, இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு இடம் மாறிய அரைஞாண் கயிறே. ஜப்பானியப் பொதுக் குளியலகங்களில் செருப்பு லாக்கருக்கு உள்ளங்கை அகலத்தில் மரப்பலகையே சாவி. உருவினால் பூட்டிக்கொள்ளும், சொருகினால் திறக்கும். தொலைப்பதற்கே முயற்சி தேவைப்படும் சாவி அது.

பெட்டியின் உலோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளத்து நீரின் குளோரின், குளிப்பவர்களின் வியர்வையோடும் அவர்கள் ஒப்புக்கொள்ளாத இன்னொன்றோடும் சேர்ந்து குளோரமைன்களாகிக் காற்றில் ஏறும். பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டின் விளிம்புகளை அது முதலில் தின்னும். ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பவும் முடியாது. 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகர நீச்சல்குளத்தில் கான்கிரீட் உட்கூரையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் கம்பிகள் குளோரைடு அரிப்பில் விரிசல் கண்டு அறுந்து 12 பேர் இறந்தார்கள். குளத்தருகே நெகிழி அல்லது கெட்டி லேமினேட் பலகை, காற்றோட்டத்துக்குக் கதவில் துளைகள், மேலே பழைய செருப்பையும் காலி பாட்டிலையும் யாரும் வைக்க முடியாதபடி சரிந்த கூரை. இவற்றில் சிக்கனம் கூடாது.

இரண்டடுக்கா, மூன்றடுக்கா என்ற விவாதத்தை இவ்வாய்வு தீர்க்கவில்லை. அறையில் இரண்டே பேர் இருக்கும்போது மற்றவரின் லாக்கர் சரியாக நமக்கு மேலேயே அமைவது ஏன் என்பதும் விடையற்றே நிற்கிறது.

அதைவிட அவசரமான ஆய்வு ஒன்று காத்திருக்கிறது. கிட்டப்பார்வைக்காரர் கடைசியாகக் கழற்றுவது மூக்குக் கண்ணாடி. அதை உள்ளே வைத்துப் பூட்டுகிறார். திரும்பி வருகையில் கதவெண் தெரியவில்லை. தடவித் தடவிக் கண்டுபிடித்தால், எண்பூட்டின் கடுகளவு இலக்கம் தெரியவில்லை. அதைப் படிக்க உதவும் கண்ணாடி அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எண்பூட்டு வாங்க நினைக்கும் நிர்வாகங்கள் பணம் கட்டும் முன் இப்படி ஒருவரை அழைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. சோதனை தொடங்குமுன் கண்ணாடியை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.