இன்னும் ஒரு முறுக்கு

காயில் அடுப்பு எனப்படும் மின் அடுப்பில் சிவந்து சூடேறும் சுருள்கம்பி நிக்ரோமால், அதாவது பெரும்பங்கு நிக்கலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குரோமியமும் சேர்ந்த உலோகக் கலவையால் ஆனது. அடுப்பு எரியாதபோது பழுது பிளக்கிலா, ஒயரிலா, காயிலிலா என்று வரிசையாகக் கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குமுன், அறுந்த காயிலை முறுக்கிவிடும் மரபு குறித்து ஒரு சொல் கூறவேண்டியுள்ளது.

இம்மரபின் தனிச்சிறப்பு உடனடிப் பலன். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் அடுப்பின் காயிலுக்கு ஏறத்தாழ 26 ஓம் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு உண்டு; முறுக்கியதில் கம்பியின் நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடையும் அந்த அளவு குறைந்து, அடுப்பு 2200 வாட்டைத் தாண்டி எரியும். ஆகவே, "முன்னைவிட இப்போதுதான் நன்றாகச் சூடேறுகிறது" என்று முறுக்கியவர் வீட்டாரிடம் சொல்வது வெறும் பெருமையன்று. இயற்பியல் முழுவதும் அவர் பக்கமே நிற்கிறது, இரண்டு மூன்று நாள்வரை. பிறகு, முறுக்கிய இடத்தில் கம்பிகள் சரியாகத் தொடாமல் அங்கு மட்டும் மிகையாகச் சூடேற, காயில் அங்கேயே அறும். அவர் மறுபடி முறுக்குவார். பலகாலம் சிவந்து ஆறிய கம்பி நொறுங்கும் தன்மை அடைந்திருப்பதால், முறுக்கும்போதே பக்கத்துத் துண்டு கட்டிங் பிளேயரோடு வரும், அதையும் முறுக்குவார். குட்டையான காயில் பீங்கான் தட்டின் பள்ளம் முழுவதும் சுற்றிவர எட்டாதபோது, ஒரு வட்டத்தை விட்டுவிட்டுக் குறுக்கே கொண்டுபோவார். ஃபியூஸ் போகும், அதற்கு இரட்டைக் கம்பி போடுவார், வீட்டைக் காப்பது அந்த ஒற்றைக் கம்பிதான் என்பதை மறந்து. டெஸ்டர், அதாவது மின்சாரம் இருப்பதைச் சிறு விளக்கால் காட்டும் திருப்புளி, ஒளிர்ந்துவிட்டால் காயிலுக்கு நலச்சான்று வழங்கிவிடுவார். அறுந்த காயிலின் ஒரு முனையிலும் அது அப்படித்தான் ஒளிரும்.

இத்தனையும், கடைக்குப் போய்வரும் ஆட்டோக் கூலிக்கும் குறைவான விலையில் கிடைக்கும் புதுக் காயிலை வாங்காமல் இருப்பதற்காக. இதைச் சிக்கனம் என்போர், விருந்தினர் கூடத்தில் காத்திருக்க, காப்பிக்கு வைத்த பால் வெதுவெதுப்போடு நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டதில்லை போலும். கட்டுரையாசிரியர் கண்டது சென்ற ஞாயிறு. அவர் வீட்டுக் காயிலில் இன்றைய நிலவரப்படி முறுக்குகள் ஐந்து. ஐந்தாவது, நேற்றிரவு போட்டது.