பெயரை மாற்றியும் திறக்காத கதவு

'முதலில் எங்கள் அமைப்பைச் சீர்திருத்துகிறோம், பிறகு புதியவர்களைச் சேர்க்கிறோம்' என்கிறார்களே ஐரோப்பிய ஒன்றியத்தில்! வீட்டுக்கு வெள்ளையடித்து முடியும்வரை விருந்தாளி வாசலிலேயே நிற்பதா?

வெறுமனே நிற்கவில்லை, பெயரையே மாற்றிக்கொண்டு நிற்கிறார்! மாசிடோனியா ஒன்றியத்தில் சேர வேட்பாளர் நாடானது 2005-இல். அந்தப் பெயர் கூடாது என்றது கிரீஸ். 2019-இல் 'வடக்கு மாசிடோனியா' ஆனார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 'சேர்க்கும் முறையையே முதலில் திருத்த வேண்டும்' என்று சேர்க்கைப் பேச்சைத் தடுத்தது பிரான்ஸ். 2020-இல் முறை திருந்தியது. அந்த ஆண்டே மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டித் தடுத்தது பல்கேரியா. பேச்சு முறைப்படி தொடங்கவே 2022 ஜூலை ஆகிவிட்டது. சொன்னதையெல்லாம் செய்த ஒரு நாட்டை இப்படி அலைக்கழித்தது அநியாயம்.

அப்படியானால் சீர்திருத்தம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஒன்று மறுத்தாலும் புதிய நாடு உள்ளே வர முடியாது. அந்த மறுப்பு உரிமையை நீக்கலாமே என்கிறீர்களா? அதற்கும் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும்!

கடைசியாக உள்ளே போனது யார்?

குரோஷியா, 2013-இல். அதன் பிறகு யாரும் சேரவில்லை; 2020-இல் பிரிட்டன் வெளியேறியதுதான் மிச்சம். வாசலில் நிற்பவர்களில் உக்ரைன் போன்ற பெரிய விவசாய நாடு சேர்ந்தால் மானியக் கணக்கையே மாற்றி எழுத வேண்டும். அங்கே சீர்திருத்தம் நியாயமான நிபந்தனை. அதே வாசலில் நிற்கும் மான்டநெக்ரோவின் மக்கள்தொகையோ சுமார் 6 லட்சம். 2012 முதல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 45 கோடிப் பேர் வாழும் ஒன்றியம், இந்த 6 லட்சம் பேருக்காக எதைத் திருத்த வேண்டும்?