வாடகைக்கு ஒரு தேசம்

2022 டிசம்பர் 9. கத்தார் உலகக் கோப்பைக் காலிறுதி. நள்ளிரவு பன்னிரண்டே கால் மணிக்கு, ஆரஞ்சு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நண்பனுடைய அப்பார்ட்மென்ட் வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார்.

"எந்த ஃப்ளாட்டுக்கு தம்பி ஆர்டர்?"

"ஆர்டர் இல்லண்ணே. மேட்ச் பாக்க வந்திருக்கேன். நெதர்லாந்து."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே. பி பிளாக்கா?"

நோட்டில் பேர், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார். தப்பு அவர் மேல் இல்லை. சென்னையில் அந்த நேரத்தில் ஆரஞ்சுச் சட்டையில் வருகிறவன் கையில் பிரியாணி இருக்க வேண்டும். நான் வெறுங்கையோடு போனேன்.

நெதர்லாந்துக்காரனாக நான் ஆனது என் விருப்பத்தில் இல்லை. 1998-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பெரம்பூரில் எங்கள் தெருவில் உலகக் கோப்பைக்கு அணி பிரிப்பது ரேஷன் கடை வரிசை மாதிரி. முந்திக்கொண்டவர்கள் பிரேசிலை எடுத்துக்கொண்டார்கள், அடுத்தவர்கள் அர்ஜென்டினாவை. எனக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே விட்டபோது பாக்கி இருந்தது ஜமைக்காவும் நெதர்லாந்தும்தான். ஜமைக்கா முதல் சுற்றோடு மூட்டை கட்டியிருந்தது. இந்தியா ஏன் லிஸ்டில் இல்லை என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கோலிவுட் படத்தில் நம் பக்கத்து வீட்டு மாமா ஏன் நடிக்கவில்லை என்று யாராவது கேட்பார்களா?

ஜூலை 4, காலிறுதியில் அர்ஜென்டினா. 1-1. கடைசி நிமிடம். எங்கள் ஃபிராங்க் டி போயர் தன் பாதியிலிருந்து தூக்கி அடித்த பந்து மைதானத்தில் பாதியைத் தாண்டி வந்தது. பெர்க்காம்ப் ஓடிப்போய், விழுகிற மாம்பழத்தைப் பாட்டி முந்தானையில் பிடிப்பது போல அதை வலது காலில் வாங்கினார். அடுத்த தட்டில் டிஃபெண்டர் காலி. மூன்றாவது தட்டில் கோல். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, ரசம் சொட்டச் சொட்டக் கையைத் தூக்கினார். அவருக்குக் கால்பந்தே தெரியாது. அன்றைக்கு எழுதிக் கொடுத்ததுதான் என் வாடகை ஒப்பந்தம். மூன்று நாள் கழித்து அரையிறுதியில், பெனால்டியில், பிரேசிலிடம் தோற்றோம். தெருவில் எல்லாரும் என்னைத் துக்கம் விசாரித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பட்டியல் போட்டால் ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்பீர்கள். 2002 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்து தகுதியே பெறவில்லை. 2010-இல் இறுதியாட்டம் வரை போனார்கள், எதிரே ஸ்பெயின். டச்சு தேசிய கீதத்தின் முதல் பத்தியில், ஸ்பெயின் மன்னருக்கு நான் எப்போதும் மரியாதை செய்து வந்தவன் என்று ஒரு வாக்குமூலம் வருகிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சமாசாரம். ஆனாலும் ஸ்பெயினோடு ஃபைனல் ஆடுவதற்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிற பாட்டா அது? 116-ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் போட்டார். மரியாதை முழுசாகச் செலுத்தப்பட்டது. நம் நேரம் அப்போது ராத்திரி இரண்டு மணிக்கு மேல். காலையில் ஆபீஸில் கண் சிவந்திருந்ததற்கு மெட்ராஸ் ஐ என்று சொன்னேன். நிஜமாகவே ஒரு நாள் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

2014 அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோல்வி. 2018-இல் மறுபடியும் தகுதி பெறவில்லை. சொந்த நாடுதான் வராது என்று வேறொன்றைப் பிடித்தால் அதுவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. சரி, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் என்று உள்வாடகைக்குக் குரோஷியாவைப் பிடித்தேன். பாவம், இறுதியாட்டம் வரை வந்து 4-2 என்று பிரான்சிடம் தோற்றார்கள். என் கை ராசி அப்படி.

"நெதர்லாந்துல நமக்கு யாரு இருக்கா?" என்று மனைவி கல்யாணமான புதிதில் கேட்டாள். பக்கத்திலேயே பழவேற்காடு இருக்கிறது, அங்கே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்தார்கள், கல்லறைகளை இன்றைக்கும் பார்க்கலாம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "அங்கேருந்து நம்ம ஜனங்களை அடிமையா பிடிச்சு பட்டேவியாவுக்கு கப்பல் ஏத்தி வித்தாங்க. அதையும் சொல்லுடா." பதினேழாம் நூற்றாண்டில் நடந்த உண்மைதான். வாடகைக்கு வரும்போது வீட்டுக்காரனின் பூர்வீகத்தை யார் விசாரிக்கிறார்கள்?

டிசம்பர் 9-க்கு வருகிறேன். 83-ஆவது நிமிடம் வரை 2-0 என்று அர்ஜென்டினா முன்னிலை. எங்களுக்கு மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த வெக்ஹோர்ஸ்ட் ஒன்று போட்டார். இஞ்சுரி டைமின் பதினொன்றாம் நிமிடத்தில் ஃப்ரீ கிக். எல்லாரும் கோலைப் பார்த்து அடிப்பார்கள் என்று இருந்தபோது, தரையோடு மெல்ல உருட்டிவிட்டார்கள். அதே வெக்ஹோர்ஸ்ட், 2-2. நண்பனின் சோபாவில் ஒரு ஸ்பிரிங் அன்றைக்குப் போனது. பிறகு பெனால்டி. பிறகு வழக்கம் போல.

மூன்றரை மணிக்கு வெளியே வந்தேன். வாட்ச்மேன் முழித்திருந்தார்.

"ஜெயிச்சாங்களா தம்பி?"

"இல்லண்ணே."

"நம்மாளுங்க ஆடலையா?"

"நாம உலகக் கோப்பையில ஆடினதே இல்லண்ணே."

"ஷூ இல்லாம ஆடக் கூடாதுன்னு அனுப்பிட்டாங்களாமே?"

1950 கதை. டீக்கடைதோறும் இருக்கிற கதை. நடந்தது வேறு. நம் பிரிவில் இருந்த பிலிப்பைன்ஸ், பர்மா, இந்தோனேசியா மூன்றும் விலகிக்கொண்டதால், ஒரு மேட்ச்கூட ஆடாமல் பிரேசில் போகும் தகுதி நமக்குக் கிடைத்தது. நாம் போகவில்லை. பயிற்சிக்கு நேரம் இல்லை, அணித் தேர்வில் தகராறு என்றார்கள். ஒலிம்பிக்ஸ்தான் பெரிசு, உலகக் கோப்பை என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பும் இருந்தது. வெறுங்கால் காரணம் இல்லை என்று அப்போதைய கேப்டன் சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தோம். அப்புறம் பத்திரிகையே வருவதில்லை.

இதையெல்லாம் வாட்ச்மேனிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். "சரி தம்பி, கேட்டை சாத்தணும்" என்றார்.

2024 ஜூனில், 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், தோஹாவில் கத்தாருக்கு எதிராக இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஜெயித்தால் மூன்றாம் சுற்று, முதல் தடவையாக. 73-ஆவது நிமிடத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கோல் அடித்தார்கள், ரெஃப்ரி கொடுத்தும்விட்டார். 2-1 என்று தோற்றோம். வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கொதித்தேன். ரெஃப்ரி, ஃபெடரேஷன், கிரிக்கெட், ஒருவரையும் விடவில்லை. மனைவி மட்டும், "நீங்க இந்தியா மேட்சுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்றாள்.

இந்த மாதிரிக் கேள்விகளைச் சாம்பார் தாளிக்கும்போது கேட்பது அவள் வழக்கம்.

2018 ஜூனில் மும்பையில் இந்தியா 5-0 என்று ஜெயித்த மேட்சுக்கு வந்தவர்கள் 2,569 பேர். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கெஞ்சினார். அடுத்த மேட்சுக்கு டிக்கெட் முழுக்க விற்றது. நான் அந்த வீடியோவைக் கண் கலங்கிப் பதினோரு குரூப்புக்கு அனுப்பிவிட்டு, ரஷ்ய உலகக் கோப்பை அட்டவணையைச் சுவரில் ஒட்டப் போனேன்.

மும்பை தூரம் என்று சொல்லலாம். பெங்களூர் ரயிலில் ஐந்து மணி நேரம். 2023-இல் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டம் அங்கே கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்தது. குவைத்துடன் 1-1, பிறகு பெனால்டி. கோல்கீப்பர் குர்ப்ரீத் கடைசிப் பந்தைப் பாய்ந்து தடுக்க, இந்தியா கோப்பையைத் தூக்கியது. ஆம், பெனால்டியில் ஜெயிக்கிற அணியும் உலகத்தில் உண்டு, அது என்னுடையதாகவே இருந்தது. அன்றைக்குத் தேதி ஜூலை 4. பெர்க்காம்ப் கோலுக்கு வெள்ளி விழா என்று நான் வீட்டில் கேசரி கிளறச் சொல்லி, அந்த மூன்று தட்டுகளை யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீரோவில் ஆரஞ்சு ஜெர்சி மூன்று இருக்கிறது. நீலத்தில் ஒன்றுகூட இல்லை.